வேலிக்கு வெளியே இருக்கும் வேடந்தாங்கல்

வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளில் பல அந்த ஏரியில் இரை தேடுவதில்லை. தண்ணீருக்குள் நிற்கும் கடப்பை மரங்களில் குஞ்சுகளை விட்டுவிட்டுக் கிளம்பும் நத்தை குத்தி நாரை, சுற்றுவட்டாரத்து நெல்வயல் ஒன்றில் இறங்குகிறது. சேற்றில் கிடக்கும் நத்தையைக் கவ்வி, ஓட்டுக்குள் இருக்கும் சதையை உருவி எடுக்கத் தோதாக அதன் அலகின் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் மீனுக்காக அக்கம்பக்கத்து ஏரிகளுக்குப் போகின்றன. அரிவாள் மூக்கன் ஈர வயலைக் கிளறுகிறது. மேயும் மாட்டின் காலடியில் எழும் பூச்சிகளை உண்ணிக்கொக்கு பொறுக்குகிறது. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி இவற்றுக்குப் பிரசவ அறை மட்டுமே. அடுப்படி வெளியே, விவசாயிகளின் நிலத்தில் இருக்கிறது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் இடத்தைக் காப்பாற்ற நினைத்தால் வேலி போடுகிறோம். அதைச் சுற்றுலாத் தலமாக்க நினைத்தால் வாசலும் டிக்கெட் கவுண்டரும் வாகன நிறுத்துமிடமும் கட்டுகிறோம். இரண்டிலும் நம் கணக்கில் வருவது வேலிக்கு உள்ளே இருப்பது மட்டும்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கலில் தொடங்கி மாமல்லபுரம் கடற்கரை வரை கொஞ்சம் நின்று, நடந்து, கடைகளில் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறவருக்கு வேறொன்று தெரியவரும். உள்ளே இருப்பதை உயிரோடு வைத்திருப்பவர்கள் வெளியே இருக்கிறார்கள். வயல் உழுகிறவர், மதகு திறக்கிறவர், கல் கொத்துகிறவர், பாசிமணி கோக்கிறவர். இவர்களுக்கு உரிமையும் வருமானமும் இல்லாமல் போனால் எந்தப் பூங்காவும் எந்தச் சிற்பக்கூடமும் நெடுநாள் நிற்காது என்றே நான் நம்புகிறேன்.

வேடந்தாங்கல்காரர்கள் இதை 18ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கும்பினிச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக்குப் போய்க் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798இல் அவர் ஒரு கவுல், அதாவது எழுத்துமூல உரிமைச் சாசனம், கொடுத்தார். பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று அதன் மூலம் அரசு ஒப்புக்கொண்டது. ஊர்க்காரர்கள் வெறும் இரக்கத்தால் அங்கே போகவில்லை. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்களுடைய வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சல் குறையும். பறவைக்கும் நெல்லுக்கும் இருந்த இந்தக் கொடுக்கல் வாங்கலை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்தவர்கள். வயல் நத்தையை நாரைக்குக் கொடுக்கிறது. நாரை உரத்தை ஏரிக்குக் கொடுக்கிறது. ஏரி அதை மதகு வழியாக வயலுக்கே திருப்பி அனுப்புகிறது.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் 1872இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பள்ளிப் புத்தகங்கள் அதைச் சொல்கின்றன. அந்த நிலத்தில் வாழ்ந்த பூர்வகுடிகள் அதன்பின் வெளியேற்றப்பட்டார்கள். மனிதர்களை அகற்றிவிட்டு இயற்கையைக் காப்பது என்ற அந்த முறைதான் உலகம் முழுக்கப் பரவியது. நம் காடுகளுக்கும் வந்தது. யெல்லோஸ்டோன் அறிவிப்புக்கு 74 ஆண்டுகளுக்கு முன்னால், காக்கிறவர்கள் ஊர்க்காரர்களே என்ற ஏற்பாட்டுக்கு ஒரு தமிழ்க் கிராமம் அரசிடம் எழுத்து வாங்கியிருந்தது. இது நம் பாடப் புத்தகங்களில் இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி.

1858இல் மீண்டும் ஒரு கலெக்டர் உத்தரவை ஊர் பெற்றது. 1936இல் சரணாலயமாக அங்கீகாரம். 1962இல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் வந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் இடம்பெற்றன. பாதுகாப்பு ஒவ்வொரு படியிலும் கூடியது. ஆனால் 1798இல் உரிமையாளராக நின்ற ஊர், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போய்விட்டது. இன்று ஆவணங்களில் ஏரிக்குக் காவல் வனத்துறை. ஊருக்குப் பங்கு என்ன என்று கேட்டால், தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கும் நல்ல மனிதர்கள் என்ற பாராட்டு கிடைக்கிறது. பாராட்டு நல்லதுதான். கவுல் அதைவிட நல்லது.

அந்த 5 கிலோமீட்டருக்கு 2020இல் ஆபத்து வந்தது. வெளிவட்டத்தின் கடைசி 2 கிலோமீட்டரைச் சரணாலயத்திலிருந்து விடுவிக்க ஒரு முன்மொழிவு தயாரானது. அதே எல்லைக்குள் இருக்கும் தனியார் மருந்து ஆலை ஒன்றின் விரிவாக்கமும் அப்போது பேச்சில் இருந்தது. ஏரியிலிருந்து தூரத்தில் உள்ள நிலம்தானே, பறவை அங்கே கூடு கட்டுவதில்லையே என்பது கேட்பதற்கு நியாயமான வாதமாகத்தான் தோன்றும். நாரை எங்கே சாப்பிடுகிறது என்று பார்த்தால் வாதம் உடைந்துவிடும். சூழலியலாளர்களும் உள்ளூர் மக்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள், வழக்குகள் போயின, முன்மொழிவு கைவிடப்பட்டது. அந்தச் சில மாதங்களில் வேடந்தாங்கல் என்ற பெயரைப் பலரும் உச்சரித்தார்கள். பிறகு மறந்தோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த 5 கிலோமீட்டருக்குள் கிராமங்களும் பட்டா நிலங்களும் இருக்கின்றன. சரணாலயத்துக்குள் இருப்பதால் அங்கே வாழ்கிறவர்களுக்கு வரும் கட்டுப்பாடுகள் உண்மையானவை. கட்டுப்பாட்டை மட்டும் கொடுத்து, பறவையால் வரும் வருமானத்தில் பங்கு கொடுக்காமல் இருந்தால், அடுத்த முறை எல்லையைச் சுருக்க யாராவது கேட்கும்போது அந்தக் கிராமத்தார் எதற்கு எதிர்க்க வேண்டும்?

ஜப்பானில் ஹியோகோ மாநிலத்தின் டொயோகா நகரம் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறது. அங்கே வயல்களில் வாழ்ந்த கிழக்கத்திய நாரை, 1971இல் காட்டுப்பறவையாக அற்றுப்போனது. வயலில் கொட்டிய பூச்சிக்கொல்லி அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 2005இல் மீண்டும் வெளியே விட்டார்கள். விடுவதற்கு முன் விவசாயிகளிடம் போனார்கள். பூச்சிக்கொல்லியைக் குறைத்து, தவளையும் மீனும் பிழைக்கும்படி வயலில் அதிக நாள் தண்ணீர் நிறுத்துகிறவர்களின் அரிசி, நாரையின் பெயரோடு கூடுதல் விலைக்கு விற்கிறது. வேடந்தாங்கலில் நத்தை குத்தி நாரைக்கு இரை போடும் வயலின் நெல்லும், பக்கத்து மாவட்டத்து நெல்லும் ஒரே கொள்முதல் நிலையத்தில் ஒரே விலைக்குப் போகின்றன. பறவை பார்க்க வந்தவர் வீட்டுக்கு எடுத்துப்போக வாசலில் பிளாஸ்டிக் பொம்மை வாங்கலாம். அந்தப் பறவையை வளர்த்த வயலின் அரிசியை ஒரு கிலோ வாங்க வழியில்லை. கூட்டுறவுச் சங்கமும் வேளாண் துறையும் நினைத்தால் ஒரு பருவத்தில் தொடங்கிவிடக்கூடிய வேலை இது.

சுற்றுலாப் பயணிகளிடம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சும் இங்கே தடையாக இருக்கிறது. வேடந்தாங்கலில் உள்ளதெல்லாம் சைபீரியாவிலிருந்து வந்த விருந்தாளிகள் என்று நினைக்கிறோம். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை வடக்கிலிருந்து வருவது மெய்தான். ஆனால் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகள், கொக்குகள், நீர்க்காகங்கள், பாம்புத்தாராக்கள், வக்காக்கள் எல்லாம் இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகள். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பியதும் கூடி, குஞ்சு பறக்கத் தொடங்கியதும் நாட்டின் பிற நீர்நிலைகளுக்குப் பிரிந்து போகிறவை. விருந்தாளி என்றால் வந்தபோது பார்த்தால் போதும். இவை நம் ஊர் உயிர்கள். ஆண்டு முழுக்க நம் ஏரிகளும் வயல்களும் எப்படி இருக்கின்றன என்பதே இவற்றின் வாழ்வு.

ஏரியைப் பற்றிப் பேசினால் உத்திரமேரூரைத் தாண்டிப் போக முடியாது. வேடந்தாங்கலிலிருந்து அதிக தூரமில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஓலையில் பெயர் எழுதித் தேர்ந்தெடுத்தது எதற்கு என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்ற வாரியங்களுக்குத்தான். குளத்தையும் தோப்பையும் பார்த்துக்கொள்ளத் தனித்தனிக் குழு, 360 நாள் பொறுப்பு, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் மறுபடி இடமில்லை. ஒரு நகராட்சிப் பூங்காவுக்கு இப்படியொரு விதி இன்று இருக்கிறதா என்று பார்க்கலாம். அதே மூச்சில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வாரியத்தில் நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. மதகு திறந்து மூடிய நீர்க்கட்டிக்கு, கரையில் மண் சுமந்த பெண்ணுக்கு அங்கே ஓலை இல்லை. விதியை எடுத்துக்கொள்வோம், பட்டியலை நாம் புதிதாக எழுதுவோம்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலின் கதையும் வேடந்தாங்கலுக்குக் கவுல் கொடுத்த அதே பிளேஸ் துரையைப் பற்றியதே. மழைக்காலத்தில் உடையும் ஏரிக்கரை அந்த ஆண்டு உடையாமல் நின்றால் தாயார் சந்நிதியைக் கட்டித் தருவதாக அவர் சொன்னார், இரவில் வில்லேந்திய இருவர் கரையில் காவல் நின்றதைக் கண்டார் என்று ஊர் சொல்கிறது. கோயில் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. அந்த இரவில் கரையில் மண்ணும் வைக்கோலும் கொட்டிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மதுராந்தகம் ஏரிக்கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

செங்கல்பட்டைக் கடந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றம். மலைக்கோயிலில் நடுப்பகலில் குருக்கள் பொங்கல் வைக்க, இரண்டு வெண்கழுகுகள் வந்து உண்டு போகும் காட்சி பல தலைமுறைகளுக்குத் தெரியும். அதைக் காண எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். 1990களுக்குப் பிறகு அவை வருவது நின்றுபோனது. பாவம் பெருகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அதே ஆண்டுகளில் இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே பெருங்காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. திருக்கழுக்குன்றத்து இரண்டு பறவைகளுக்கு என்ன நேர்ந்தது என்று தனியாக யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் குன்றின் உச்சியில் எவ்வளவு பக்தியாகப் பொங்கல் வைத்தாலும், கீழே ஊர்களில் மாட்டுக்கு என்ன ஊசி போடுகிறார்கள் என்பதுதான் கழுகின் ஆயுளைத் தீர்மானிக்கும். வேடந்தாங்கலின் 5 கிலோமீட்டரை நான் விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு இந்தக் குன்றும் ஒரு காரணம்.

கடற்கரைக்கு வந்தால் பறவைக்குப் பதில் கல். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று நாம் அழைக்கும் பாறைச் சிற்பம் ஒரு கோயிலின் கருவறைக்குள் இல்லை. திறந்த வெளியில், ஊரைப் பார்த்தபடி, சுமார் 90 அடி நீளத்துக்கு விரிந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அந்தப் பக்கமாகப் போன உப்பு விற்கிறவரும் வலை சுமந்தவரும் நின்று பார்த்திருக்கக்கூடிய கலை. நடுவில் உள்ள பிளவில் மேலிருந்து தண்ணீர் விழ ஏற்பாடு இருந்திருக்கிறது. யானைக் கூட்டம், முனிவர்கள், நாகர்கள் எல்லாருக்கும் கீழே, பூனையொன்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்ய எலிகள் அதை வணங்கிக்கொண்டிருக்கின்றன. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் மாட்டில் பால் கறக்க, மாடு கன்றை நக்குகிறது. ஒரு பெண் தலையில் சுமையும் கையில் கலயமுமாக நடக்கிறாள். மலையைத் தூக்கும் கடவுளுக்குக் கொடுத்த அதே கவனத்தைப் பால் கறக்கிறவருக்கும் கொடுத்த சிற்பி அவர்.

1984இல் இந்தச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போயின. பாதுகாப்பு தேவைதான், கடல் காற்றின் உப்பும் மனிதர்களின் கையும் கல்லைத் தின்கின்றன. ஆனால் பெரும்பாலான பயணிகள் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், தபசு, வெண்ணெய் உருண்டைக் கல் என்ற நான்கோடு திரும்பிவிடுகிறார்கள். ஊரின் மேற்குப் பக்கம் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பார்க்கப் போகிறவர் குறைவு. முடிக்கப்படாமல் விட்ட அந்த ரதங்களில்தான் பல்லவர் காலத்துச் சிற்பி எப்படி வேலை செய்தார் என்பது தெரிகிறது. பாறையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோட்டில் பள்ளம் வெட்டி, நடுவில் எஞ்சிய கல்லைக் கொத்தி எடுத்துக்கொண்டே மேலிருந்து கீழே இறங்கியிருக்கிறார்கள். உளி நிறுத்திய இடம் அப்படியே இருக்கிறது.

அந்த உளிச் சத்தம் ஊருக்குள் இன்னும் ஓயவில்லை. 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி நெடுங்காலம் அதன் முதல்வராக இருந்தார். கல்லூரியில் படித்தவர்களும், அப்பாவிடமோ மாமனிடமோ உளி பிடிக்கக் கற்றவர்களும் சாலையோரம் பட்டறை போட்டிருக்கிறார்கள். தட்டினால் எழும் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பதை இங்கே கேட்கலாம். கோயிலுக்குப் போகும் கருங்கல் மூர்த்தம் ஒரு பக்கம், பயணி பையில் போட்டுக்கொள்ளும் மாவுக்கல் பிள்ளையார் ஒரு பக்கம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு கிடைத்த கல்லைக் கொத்துகிறவரின் நுரையீரலை யார் பார்க்கிறார்கள்? கிரைண்டர் வந்த பிறகு வேலை வேகமானது. தூசியும் பொடியாகி உள்ளே ஆழமாகப் போகிறது. கருங்கல்லின் சிலிக்காத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் விட்டு அறுக்கும் கருவி, தூசி உறிஞ்சும் குழாய், ஆண்டுக்கு ஒருமுறை மார்புப் படம். இவை பெரிய செலவல்ல. ஒரு நாட்டிய விழாவின் மேடை அலங்காரத்துக்கு ஆகும் தொகையில் ஒரு பகுதி போதும் என்று சொல்லத் தோன்றுகிறது.

மாமல்லபுரத்தில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2021-22இல் இங்கே டிக்கெட் எடுத்த வெளிநாட்டினர் 1,44,984 பேர். தொற்றுக்காலத்தின் அந்த ஆண்டில் தாஜ்மகாலைவிட அதிகம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபோது உலகமே இந்தக் கற்களைப் பார்த்தது. அதற்காகத் தெருவோரக் கடைகள் அப்புறப்படுத்தப்பட்டன, ஊர் கழுவித் துடைக்கப்பட்டது. தலைவர்கள் போன சில நாட்களில், அதுவரை யாரும் காசில்லாமல் போய் உட்கார்ந்த வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கும் தொல்லியல் துறை கட்டணம் வைத்தது. அந்தச் சரிவில் உள்ளூர்ப் பிள்ளைகள் சறுக்கி விளையாடியதை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. ஓர் ஊரின் விளையாட்டுத் திடலாகவும் இருந்த ஒன்றை வெறும் காட்சிப்பொருளாக்கும்போது, உள்ளூர்க்காரருக்காவது அதைக் கட்டணமின்றி விட்டிருக்கலாம். இப்போதும் விடலாம்.

சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது 2010இன் திருத்தச் சட்டம். சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்த ஊரில் சின்னங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒழுகும் கூரையை மாற்ற நினைக்கும் வீட்டுக்காரர் அனுமதிக்காக அலையும் அலைச்சல், அந்தக் கற்களின் மேல் அவருக்குப் பிரியத்தை வளர்க்காது. வேடந்தாங்கலின் 5 கிலோமீட்டரில் நான் கேட்ட கேள்விதான் இங்கேயும்.

ஊரை ஒட்டியுள்ள பூஞ்சேரியைப் பற்றிச் சொல்லாமல் மாமல்லபுரத்தைப் பற்றி எழுதுவது முறையல்ல. பயணிகளிடம் பாசிமணியும் ஊசிமணியும் விற்கும் நரிக்குறவர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. 2021இல் மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவர் பெண் எழுப்பி அனுப்பப்பட்டதை அவரே சொன்ன காணொளி நாடெங்கும் போனது. அமைச்சர் சேகர்பாபு வந்து அவரோடு பந்தியில் அமர்ந்தார். நவம்பர் 4, தீபாவளி நாளில் முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒரு பெண் வாயைத் திறந்து கேட்டதிலிருந்து அந்த ஊரில் பட்டா வந்தது. 1798இல் செங்கல்பட்டுக்குப் போனவர்களின் வரிசையில்தான் அவரையும் நான் வைக்கிறேன்.

இருளர்களின் கதை இன்னும் அதிகம் தெரிந்திருக்க வேண்டியது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சையும் எடுத்து, பாம்புகளை மறுபடி வெளியில் விட்டுவிடுகிறது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்து போகிறது. எலி தேடி வயலுக்கு வரும் பாம்பைத் தடம் பார்த்துப் பிடிக்கும் அறிவு, எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தராதது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாமல்லபுரம் போகிறவர்கள் பக்கத்து முதலைப் பண்ணையில் முதலைகளோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, கொஞ்சம் நின்று இந்தச் சங்கத்தின் வேலையையும் பார்க்கலாம். உள்ளூர்த் தொழில் என்றால் தேநீர்க் கடை மட்டுமல்ல.

சென்னையிலிருந்து வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு நாளில் வேடந்தாங்கல், மதுராந்தகம், மாமல்லபுரம் மூன்றையும் முடிக்க வேண்டாம். வேடந்தாங்கலுக்கு வந்தால், கரையில் பறவை பார்த்த பிறகு மதகின் பக்கம் இறங்கி, தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். கரிக்கிலிக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. மாமல்லபுரத்தில் ஒரு பட்டறை வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். மாவுக்கல் சிற்பத்துக்குச் சொன்ன விலையில் பாதியைக் கேட்காதீர்கள். மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுத்தருகிறார்கள். ஒத்தவாடைத் தெருவில் வீட்டின் மேல்மாடியைத் தங்க வாடகைக்கு விடுகிறார்கள். உங்கள் பணம் ஊரில் தங்கும்படி தங்குங்கள்.

அரசிடம் கேட்பது வேண்டுகோள் அல்ல, ஏற்கெனவே உள்ள சட்டம். 2014இன் தெரு வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வோர் ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினராக, தேர்ந்தெடுக்கப்பட்டு வர வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. மாமல்லபுரத்தில் அடுத்த தலைவர்கள் சந்திப்போ திருவிழாவோ வருவதற்கு முன், பாசிமணி விற்கும் பெண்ணும் கிளிஞ்சல் மாலை விற்கிறவரும் அந்தக் குழுவில் பேசும் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். வேடந்தாங்கலில் நுழைவுக் கட்டணத்தின் ஒரு பங்கு, 5 கிலோமீட்டருக்குள் உள்ள ஊராட்சிகளுக்குச் சட்டப்படி போக வேண்டும். அதைச் செலவழிக்க ஓர் ஏரி வாரியம். உத்திரமேரூர் விதிப்படி 360 நாள் பொறுப்பு, கணக்குக் காட்டாதவருக்கு மறுவாய்ப்பு இல்லை. உறுப்பினர்களில் நிலமுள்ள விவசாயியோடு கூலி வேலை செய்யும் பெண், நீர்க்கட்டி, இருளர் ஒருவர், வாசலில் கடை வைத்திருப்பவர் ஒருவர். செப்டம்பர் முடிவதற்குள் மேல் ஏரிகளிலிருந்து வரும் வரத்துக்கால்களைத் தூர்வாரி, அடைத்துக் கட்டியதை அகற்றி, மதகின் பலகையைச் சரிபார்ப்பது அந்த வாரியத்தின் முதல் வேலை. அக்டோபரில் மழை தொடங்கிவிடும்.